பெரியவர்களின் முதுகு

செய்தி வந்தபோது முற்பகல் பதினொன்று இருபது. எடிட்டிங் அறையில், கத்தரி என்று எல்லாரும் கூப்பிடும் எடிட்டர் ஒரு பிஸ்கெட்டை டீயில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாய்க்குக் கொண்டுபோய்விடலாம் என்ற நம்பிக்கையில் இருந்தாள். டைரக்டர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"ஃப்ரிட்ஜைத் திற," என்றார்.

பிஸ்கெட் டீக்குள் விழுந்தது.

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். பெரிய கலைஞர்களின் வாழ்க்கையை ஒரு மணி நேரப் படமாக எடுத்து ஒளிபரப்புவது நிலையத்தின் பெருமை. பாடகர், ஓவியர், நாடகக்காரர், எழுத்தாளர் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. அவர்களில் வயதானவர்களின் படத்தை, ஆள் உயிரோடு இருக்கும்போதே எடுத்து, கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் முடிக்காமல் பத்திரப்படுத்திவிடுவார்கள். போன அன்றைக்கே ஒளிபரப்ப வேண்டுமே! அந்தப் படங்கள் தூங்கும் இடத்துக்குத்தான் ஃப்ரிட்ஜ் என்று பேர். வெளியாட்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் பழகிப்போன பேச்சு. "இவரு இன்னும் பத்து வருஷம் கெடாம இருப்பாரு" என்று ஒரு நாவலாசிரியரைப் பற்றி அவர் காதுபடவே கேமராமேன் சொல்லிவிட்டு, வீட்டிலிருக்கும் ஊறுகாயைச் சொன்னேன் என்று மழுப்பிய கதையும் உண்டு.

"யாரு சார்?"

"வயலின் பெரியவர். காலையிலேயே போயிட்டாராம், வீட்ல இப்பதான் சொல்றாங்க. ராத்திரி எட்டு மணிக்கு நம்ம படம் போகணும். கடைசி ஷாட்டுக்கு மியூசிக் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"போடு. ஆறு மணிக்குள்ள எனக்கு வந்துடணும்."

அவர் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல் ஓடினார். கத்தரிக்கு அந்தப் பெரியவர் மீது மரியாதை உண்டு. ஆனால் அந்த நிமிடம் அவள் மனதில் வந்து நின்றது அவரல்ல, அவளுடைய சொந்த அண்ணன். ஐயோ, இதை அவருக்கு யார் சொல்வது?

அண்ணன் அதே நிலையத்தில் லைட்மேன். ஏணியில் ஏறி, சூடான விளக்கை உறை போட்ட கையால் திருப்பி, "இப்ப பாருங்க, கண்ணு கூசுதா?" என்று மேலிருந்து கேட்பவர். தங்கைக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். தெருவில் நடந்தால் அவரை யாருக்கும் தெரியாது. ஆனால் இருபது வருடமாக ஊர் முழுவதும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அது எப்படி என்றால், செத்துப்போனவர்களின் வாழ்க்கையைப் படமெடுப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. பேசுவதற்கு மகன் இருப்பார், சிஷ்யர் இருப்பார், காட்டுவதற்கு நாலு புகைப்படம் இருக்கும். ஆனால் அந்த மனிதர் தன் அறையில் தனியாக உட்கார்ந்து எழுதிய ராத்திரியை எந்தக் கேமராவும் பார்த்ததில்லை. அதற்கு ஒரு ஆளை உட்கார வைத்துப் பின்னாலிருந்து எடுப்பார்கள். முகம் தெரியக் கூடாது. படம் முடிந்ததும் "சில காட்சிகள் சித்திரிக்கப்பட்டவை" என்று பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். அதைப் படித்த மனிதர் யாரும் இதுவரை கிடைக்கவில்லை.

முதல் தடவை, ஒரு கவிஞருக்காக ஏற்பாடு செய்திருந்த நடிகர் வரவில்லை. டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார். ஏணி மேல் அண்ணன் இருந்தார்.

"நீ இறங்கு," என்றார் டைரக்டர்.

"சார், நானா? எனக்குக் கவிதை கிவிதை ஒண்ணும் தெரியாது சார்."

"உன் முதுகுக்குத் தெரிஞ்சா போதும்."

அண்ணன் பயந்த சுபாவம். சின்ன வயதிலிருந்தே அப்படி. லிஃப்டுக்குப் பயம், ஊசிக்குப் பயம், விடியற்காலையில் போன் அடித்தால் பயம், எல்லாவற்றையும்விட டாக்டருக்குப் பயம். டாக்டரிடம் போனால்தான் வியாதி வரும் என்பது அவர் கட்சி. வீட்டில் வலி என்று ஒன்று வந்தால் அதை ஒளித்து வைப்பதில் சூரர். ஒருமுறை, ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, காற்றில் அடித்த கதவு அவர் விரல்களை நசுக்கியது. அப்பா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் திட்டு விழும் என்று அண்ணன் கத்தவில்லை. தொண்டைக்குள்ளேயே, மூடிய வாய்க்குள், 'ம்க்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பிறகு விரல்களைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, தங்கையைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சிரிப்பைப் பார்த்து அவள்தான் ஓவென்று அழுது அப்பாவை எழுப்பினாள்.

அப்படிப்பட்டவரை அந்தக் கவிஞருடைய கட்டிலில், சுவரைப் பார்த்தபடி, கடைசி மூச்சு விடும் காட்சியில் படுக்க வைத்தார்கள். "கட்" சொன்ன பிறகும் அவர் எழவில்லை. என்னவோ ஏதோ என்று எல்லாரும் பதறினார்கள். அப்புறம் மெல்ல எழுந்து உட்கார்ந்து, முகத்தில் ஈயாடாமல், நேராகக் கேமராவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"நான் அவரு இல்ல. நான் லைட்டு."

தளமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மற்றவருடைய சாவுக்குள் போய்ப் படுத்தால், வெளியே வந்துவிட்டோம் என்று சொல்லித்தான் வர வேண்டும். சொல்லாமல் வந்தால் பாதி ஆள் அங்கேயே தங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யாருடைய முதுகாக உட்கார்ந்தாலும், கடைசியில் அண்ணன் திரும்பி முகம் காட்டி, "நான் அவரு இல்ல, நான் லைட்டு" என்று சொல்வார். கேமராமேன் அதையும் ஒழுங்காக எடுப்பார். ஒரு கண்ணை மூடியே பழகியதால் அவருக்கு ஒத்தைக்கண் என்று பேர். கேலிக்காரர்தான், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் கேலி செய்ய மாட்டார். "முகம் எடுத்தாச்சா?" என்று கேட்டு, எடுத்தாச்சு என்ற பிறகுதான் கேமராவை அணைப்பார்.

அந்த முகத்தை வெட்டி எறிவது தங்கையின் வேலை. அதனால்தான் அவளுக்குக் கத்தரி என்ற பேர் நிலைத்தது.

"கூடப் பொறந்தவன் தலைய வெட்டறதுல உனக்கு என்ன அப்படி ஒரு ஆசை?" என்பார் அண்ணன்.

"ஆசைலாம் இல்ல. சம்பளம் தர்றாங்க."

நிலையத்தில் அவரை எல்லாரும் முதுகு என்றே கூப்பிட்டார்கள். "முதுகு சாப்பிட்டாச்சா?" "முதுகு இன்னைக்கு லீவா?" அண்ணிக்கு இதில் பெருமையும் எரிச்சலும் சரிபாதி. "ஊருக்கெல்லாம் முதுகைக் காட்டிப் பேர் வாங்கற ஒரே மனுஷன் இவருதான்" என்பாள். டிவியில் அந்தப் படங்கள் வந்தால் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். "பாரு, பின்கழுத்துல முடி வெட்டவே இல்ல. மேதைனா முடி வெட்டக் கூடாதா?"

வேலையில் அவர் ஏனோதானோ என்று இருந்ததில்லை. உட்காருவதற்கு முன் அந்த மனிதரின் புகைப்படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். ஓவியர் என்றால் ஒரு தோள் ஏறியிருக்கிறதா, பாடகி என்றால் கழுத்தை எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஆம், ஒருமுறை சால்வை போர்த்திக்கொண்டு ஒரு பாடகியாகவும் உட்கார்ந்திருக்கிறார். அதை அண்ணி இன்றுவரை விடவில்லை. அவருடைய முதுகை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துப் பார்த்து, கத்தரிக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் அத்துப்படி. பசியோடு உட்கார்ந்திருக்கிறாரா, அண்ணியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா என்று பின்னாலிருந்தே சொல்லிவிடுவாள்.

இந்த வயலின் பெரியவருடைய விஷயம் மற்றவர்களுடையது போல இல்லை. இதற்கு முன் அண்ணன் முதுகு கொடுத்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். இவர் உயிரோடு இருந்தார். இதயம் பலவீனமாகிப் படுத்த படுக்கையாக இருந்ததால், கேமராவை அறைக்குள்ளேயே விடவில்லை. அதனால் அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, மடியிலிருந்த வயலினைக் கடைசியாக ஒருமுறை தூக்கப் பார்த்து, முடியாமல் இறக்கி வைப்பதாக ஒரு காட்சியை ஸ்டுடியோவிலேயே எடுத்தார்கள்.

"உசிரோட இருக்கிறவங்க சாவை நடிக்கறது சரியில்ல சார்," என்று அண்ணன் முரண்டு பிடித்தார்.

"சாவெல்லாம் இல்லப்பா. வயலினைக் கீழே வைக்கிற. அவ்வளவுதான்."

படப்பிடிப்பு நடந்து இரண்டு வாரம் இருக்கும். கறுப்புக் கோட்டு போட்டு உட்கார்ந்தார். வயலினைத் தூக்கினார். பாதியில் இடது தோள் மெல்லச் சரிந்தது. கை நாற்காலியின் பிடியைத் தேடிப் பிடித்தது. தலை கொஞ்சம் குனிந்தது. வயலின் மடிக்குத் திரும்பியது. டைரக்டர் "கட்" சொல்லவே மறந்து நின்றார். பிறகு கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். "இத்தனை வருஷத்துல இதுதான்யா நடிப்பு!" அண்ணன் எழுந்து, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

"முதுகு! முகம்?" என்று கத்தினார் ஒத்தைக்கண்.

அண்ணன் திரும்பாமலே கையை அசைத்தார், அப்புறம் என்பதுபோல. அந்த அப்புறம் வரவே இல்லை. ஒருநாள் ஸ்டுடியோ காலியில்லை, ஒருநாள் கோட்டு சலவைக்குப் போயிருந்தது. பெரியவரும் உயிரோடுதான் இருக்கிறார், அவசரமென்ன என்று விட்டுவிட்டார்கள். கத்தரி அந்த ஷாட்டைப் படத்தில் வைத்தாள். மிக நன்றாக இருந்ததால், தோள் சரிகிற இடத்தைச் சில நொடிகள் கூடுதலாகவே ஓடவிட்டாள்.

இப்போது அவள் அந்த ஷாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கதவு மெல்லத் திறந்தது. அண்ணன். உள்ளே வராமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"பெரியவர் போயிட்டாராமே."

"ம். இப்பதான் சொன்னாங்க."

"நான் முகம் காட்டல."

"அண்ணா, தலைக்கு மேல வேலை கிடக்கு. சும்மா இரு."

"ராத்திரி அது போறதுக்குள்ள எடுத்துடணும். போயிட்டா அப்புறம் நான் அதுலயே நின்னுடுவேன்."

"நீ எங்கயும் நிக்கல. இதோ கதவுல நிக்கற. ஏசி குளிரெல்லாம் வெளிய போகுது."

வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். அன்று தன் பேச்சையே தொடர்ந்தார். "ஒத்தைக்கண்ண ரெடி பண்ணச் சொல்லிருக்கேன். கோட்டும் வாங்கியாச்சு. நீயும் வந்துடு, என்ன? நீ இருந்தா தேவலை," என்றார். குரல் குழந்தையுடையதுபோல இருந்தது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஐம்பது வயதுக்காரருக்கு இப்படி ஒரு பைத்தியக்காரத்தனமா? ஆனாலும் எரிச்சலுக்கு அடியில் என்னவோ குறுகுறுத்தது. ஹெட்போனை மாட்டினாள். இசையை எங்கே தொடங்குவது என்று பார்க்க, ஷாட்டை வெறும் சத்தத்தோடு ஓடவிட்டாள். படப்பிடிப்பில் பதிவான சத்தம் அது. இதுவரை அதை அவள் கேட்டதே இல்லை. எப்படியும் மேலே வயலின் இசை வரப் போகிறது என்று ஊமையாக்கியே வைத்திருந்தாள்.

கோட்டுத் துணி உரசுகிற சத்தம். நாற்காலி கிறீச்சிடுகிற சத்தம். மூச்சு. வயலின் மேலே போகிறது. தோள் சரிகிறது.

'ம்க்.'

கத்தரியின் கை நின்றது. பின்னோக்கி ஓட்டினாள். மறுபடி கேட்டாள். மூடிய வாய்க்குள், தொண்டையோடு நின்றுபோன அந்தச் சத்தம். திரையில் தோளைப் பார்த்தாள். இத்தனை நாளாக நூறு தடவை பார்த்த தோள். வயலினைப் பிடித்த கை நடுங்கவில்லை; பிடி தளர்ந்திருந்தது. வலது கை நாற்காலிப் பிடியை ஆதாரமாகத் தேடிப் பிடிக்கவில்லை. வலியை நசுக்குவதுபோல இறுக்கிப் பிடித்திருந்தது. இது நடிப்பே இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் ஸ்டுடியோவில் அத்தனை பேர் நடுவே அண்ணனுக்கு நெஞ்சில் என்னவோ ஆகியிருக்கிறது. அவர்கள் கை தட்டியிருக்கிறார்கள். அவள் அதை நீட்டி வைத்திருக்கிறாள்.

நாற்காலி பின்னால் விழுந்ததுகூடத் தெரியாமல் எழுந்தாள். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். எதிரே வந்த யாரோ "என்ன ஆச்சுக்கா?" என்றார்கள். இடித்துக்கொண்டு கீழே ஓடினாள்.

ஸ்டுடியோவில் ஜன்னல் செட்டுக்கு எதிரே அதே நாற்காலி. அண்ணன் கறுப்புக் கோட்டில் இருந்தார். விளக்கு போடுகிறவரே உட்கார வேண்டியிருந்ததால், எழுந்து போய் விளக்கைத் திருப்புவதும், வந்து உட்காருவதுமாக இருந்தார்.

"அண்ணா!"

"வந்துட்டியா. வா, வா. ஒரே நிமிஷம்."

"எப்பருந்து வலிக்குது?"

அவர் ஒத்தைக்கண்ணைப் பார்த்தார். ஒத்தைக்கண் இரண்டு கண்ணையும் திறந்து இவளைப் பார்த்தார்.

"என்ன வலி?"

"அண்ணா, என்கிட்ட வேணாம். உன் சத்தத்தக் கேட்டுட்டு வர்றேன். எப்பருந்து?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "அன்னைக்கிலேருந்து. விட்டு விட்டு வருது. ஏணி ஏறினா வருது. ஆனா அது என் வலி இல்லம்மா. அவரோடது. அவருக்கும் நெஞ்சுதானே? நான் முகம் காட்டாம எழுந்து வந்துட்டேன்ல, அதான் கூடவே வந்துடுச்சு. இன்னைக்குக் காலையில எனக்கு ரொம்ப வந்துச்சு. வந்து கேட்டா, அதே நேரத்துல அவரு போயிருக்காரு. பாத்தியா?"

அவர் சொன்னதைக் கத்தரி நம்பவில்லை. நம்பாத இடத்திலும் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைவிடப் பயம், அவருடைய உதடுகளைப் பார்த்தபோது. விளக்கு வெளிச்சத்திலும் அவை சாம்பல் நிறத்தில் இருந்தன. காதோரம் வேர்வை வழிந்தது.

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"போலாம். இதை முடிச்சுட்டு. ஒரே நிமிஷம்."

"இப்ப."

"ஒரு நிமிஷந்தானே கேக்கறாரு," என்றார் ஒத்தைக்கண் மெதுவாக. "கேமரா ரெடிதான்..."

அவள் ஒரு கணம் தடுமாறினாள். எடுத்துவிட்டால் அவருடைய பயம் அடங்கும். அடங்கினால் நெஞ்சும் அடங்குமோ என்னவோ. ஆனால் அவர் மறுபடியும் விளக்கைத் திருத்த எழப் போனார், பாதியில் நாற்காலிப் பிடியைப் பிடித்தார். அதே பிடி. அவ்வளவுதான். அவள் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"கார் எடுங்க!" என்று ஒத்தைக்கண்ணைப் பார்த்துக் கத்தினாள். அந்த நிலையத்தில் அவள் யாரிடமும் கத்தியதில்லை.

காரில் அண்ணன் பின்னிருக்கையில் அவள் தோளில் சாய்ந்திருந்தார். கோட்டைக் கழற்ற நேரமில்லை. சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் அவளுக்கு உயிர் நின்று வந்தது. அண்ணிக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, பதறாதீங்க..."

"பதறாதீங்கனு சொல்றவங்கதான் பதற வெக்கறாங்க. என்ன ஆச்சு அவருக்கு?"

சொன்னாள். மறுமுனையில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்த மனுஷன் ரெண்டு வாரமா ராத்திரி உக்காந்தே தூங்கறாரு. கேட்டா முதுகு வலிங்கறாரு. முதுகுதானே, ஓவர்டைம் பாக்குதுன்னு கேலி பண்ணேன் நான். வர்றேன். இதோ வர்றேன்."

அண்ணன் கண்ணை மூடியபடி, "சொல்லாம வந்துட்டேன்," என்றார்.

"இப்ப சொல்லு. என்கிட்ட சொல்லு. நான் லைட்டுனு சொல்லு."

"உன்கிட்ட சொன்னா செல்லாது. நீ கேமராவா?"

"அப்ப முன்னாடி உக்காந்திருக்காரே ஒத்தைக்கண்ணு, அவர்கிட்ட சொல்லு."

"அவன் ரோட்ட பாத்து ஓட்டட்டும்," என்றார் அண்ணன். அப்போதும் கேலி. கை மட்டும் அவள் விரல்களை, அன்று கதவு அவர் விரல்களை நசுக்கியதுபோல இறுக்கிப் பிடித்திருந்தது. அவருக்கு வலிக்கிறதா, பயமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் அப்போது இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

ஆஸ்பத்திரியில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீண்ட நடைபாதையில், பச்சைக் கதவு வரை, அவளுக்குத் தெரிந்தது கறுப்புக் கோட்டின் முதுகுதான். கதவருகே அவர் கழுத்தைத் திருப்பப் பார்த்ததுபோல இருந்தது. தள்ளிக்கொண்டு போனவர் உடம்பு நடுவில் மறைத்தது. கதவு சாத்திக்கொண்டது.

காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் மேலே ஒரு டிவி. அண்ணி வந்தாள். வீட்டுச் செருப்பில், ஒரு கையில் அவருடைய போர்வையோடு. "குளிர் தாங்காது அவருக்கு" என்று சொல்லி, அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஒத்தைக்கண் டீ வாங்கி வந்தார். யாரும் குடிக்கவில்லை. டாக்டர் ஒருமுறை வந்து, இதயக் குழாய் அடைத்திருக்கிறது, ஏற்கெனவே ஒரு தடவை லேசாக வந்துபோயிருக்கிறது, திறக்கப் பார்க்கிறோம் என்றார். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறை பச்சைக் கதவு அசையும்போதும் மூன்று பேரும் எழுந்தார்கள். யாரோ ஒரு நர்ஸ், யாரோ ஒரு தட்டு. மறுபடி உட்கார்ந்தார்கள்.

எட்டு மணிக்கு டிவியில் படம் தொடங்கியது.

கத்தரி அணைக்கச் சொல்லலாமா என்று நினைத்தாள். ஆனால் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரை எல்லாருக்கும் பிடிக்கும். காலில் கட்டுப் போட்ட ஒருவர், தன் கல்யாணத்தில் அவர் இசைத்தட்டைத்தான் போட்டோம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். படத்தில் பெரியவருடைய சின்ன வயது, கச்சேரிகள், மகள் பேசும் பேட்டி எல்லாம் வந்தன. ஒவ்வொரு வெட்டும் அவள் வெட்டியது. எதையும் அவளால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தாள்.

கடைசி ஷாட் வந்தது. ஜன்னல், நாற்காலி, கறுப்புக் கோட்டு.

இசை இல்லை. அவள் ஓடிவந்தபோது அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். டைரக்டர் நேரமாகிவிட்டது என்று, இருந்ததை எடுத்து அனுப்பியிருக்கிறார். துணி உரசல், நாற்காலிக் கிறீச்சு, மூச்சு. மூச்சு அந்த அறை முழுக்கக் கேட்டது. வயலின் மேலே எழுந்தது. தோள் சரிந்தது.

'ம்க்.'

"ஐயோ பாவம்," என்றாள் யாரோ ஒரு அம்மா. "கடைசி காலத்துல எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காரு பாருங்க."

கட்டுப் போட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த முதுகைப் பார்த்தாலே கண்ணுல தண்ணி வருது."

அண்ணி வாயில் போர்வையின் முனையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவளுக்கும் அந்தச் சத்தம் தெரியும். இரண்டு வாரமாக ராத்திரியில் பக்கத்தில் கேட்டது. கத்தரிக்கு, அது பெரியவர் இல்லை, என் அண்ணன், உள்ளே இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று அந்த அறைக்கு நடுவே நின்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் உள்ளே என்னவோ நடந்துவிடும் என்று பயமாகவும் இருந்தது. ஒத்தைக்கண் மட்டும் திரையைப் பார்த்து, தனக்குள் சொல்வதுபோல, "திரும்புய்யா," என்றார். "திரும்பி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்."

திரையில் முதுகு அப்படியே இருந்தது. பொடி எழுத்துகள் ஓடின. விளம்பரம் வந்தது, அப்புறம் செய்தி, அப்புறம் நாளைக்கு மழை உண்டா இல்லையா என்று ஒருவர் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது பச்சைக் கதவு திறந்து, டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கியபடி வந்தார். அவர் வந்த வேகத்திலேயே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. போர்வையை நாற்காலியில் வைத்துவிட்டு, வெறும் கையோடு எழுந்து நின்றாள்.

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அடக்கத்துக்கு நிலையத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். டைரக்டர் தள்ளி, ஒரு மரத்தடியில் நின்றார். ஒத்தைக்கண் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஏணியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார், வேறு யாரையும் ஏறவிடவில்லை.

பெரியவருடைய படத்துக்கு நல்ல பேர். கடைசி ஷாட்டில் இசையே இல்லாமல் மூச்சை மட்டும் விட்டது துணிச்சலான முடிவு என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஆனால் பெரியவரின் குடும்பத்துக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. மறு ஒளிபரப்புக்கு முன் அங்கே அவருடைய வயலின் இசையைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். டைரக்டர் அதைக் கத்தரியிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவசரம் இல்லம்மா. உன்னால முடியறப்ப," என்றார்.

அவள் ஷாட்டைத் திறந்தாள். இசைத் துண்டை எடுத்து, திரையில் மூச்சுக்குக் கீழே உள்ள ஒலி வரிசையில், தோள் சரிவதற்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஒலியைக் கலந்து சேமித்தால் அந்த 'ம்க்' இசைக்குள் மூழ்கிவிடும்; அது மட்டும்தான் பாக்கி. அது இன்னும் செய்யப்படவில்லை.